ரப்பர் படகுக்கு ஓர் இருக்கை

பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரசமட்டம் என்றால்தான் தெரியும். மாடிப்படிகளுக்கும் பால்கனிகளுக்கும் ஸ்டீல் கைப்பிடி செய்து பொருத்துகிற பட்டறை அது. முப்பது வருஷமாக அவருக்கு அங்கேதான் வேலை. குழாயை வளைப்பது, பற்றவைப்பது, பற்றவைத்த இடமே தெரியாமல் மெருகேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். எதைக் கண்டாலும் அதன் மேல் வைத்து, நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். டீக்கடை பெஞ்சைக்கூட விட்டதில்லை.

"கொஞ்சம் சாஞ்சு உக்காந்தா என்னய்யா குடி முழுகிடும்?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். அவர் பெஞ்சின் ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவர் மனைவி இதற்கு நேர் எதிர். தபால் பட்டுவாடா செய்கிறவள். ஏரியை ஒட்டி வளைந்து போகிற ஒரு நீளமான தெருவும் அதைச் சுற்றியுள்ள சந்துகளும் இருபத்திரண்டு வருஷமாக அவள் கையில் இருந்தன. ஏரிக்கரைத் தெருவில் மட்டும் முப்பத்தொரு வீடு. எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும், எந்த வீட்டில் மணியடித்தால் கதவு திறக்க இரண்டு நிமிஷம் ஆகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கதை ஆரம்பமாகிவிடும். அவர் சாப்பிட்டுக்கொண்டே "ம்" கொட்டுவார். "இந்த வீட்டுல பேச்சு என் டிபார்ட்மெண்ட், 'ம்' அவர் டிபார்ட்மெண்ட்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வருத்தம் வந்த காலத்தில் வந்து, பேசித் தீர்ந்து, இருவருக்கும் பழகிப்போயிருந்தது.

முதல் முறை அவள் விழுந்தது ஒன்பதாம் வீட்டு வாசலில். செருப்பின் மேல் பழியைப் போட்டாள். புதுச் செருப்பு வாங்கிப் பத்து நாளில் மறுபடியும் விழுந்தாள். பிறகு இடது கால் விரல்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு வர ஆரம்பித்தன. பல பரிசோதனைகளுக்குப் பிறகு டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"தசைகளுக்குச் சேதி கொண்டுபோற நரம்பு ஒவ்வொண்ணா செத்துக்கிட்டு வருதும்மா. கால்ல ஆரம்பிச்சிருக்கு. மேல ஏறும். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது."

"அப்போ எனக்குள்ளயே தபால் பட்டுவாடா நின்னுபோச்சுன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

சிரிப்பதா வேண்டாமா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. ரசமட்டம் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைக்கடியில் ஒரு டைல் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அவள் சொன்னாள். "அந்த முப்பத்தொரு வீட்டுக்கும் எனக்கு முன்பக்கம்தான் தெரியும். எல்லாரும் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி மூஞ்சியைச் சரி பண்ணிக்கிட்டுத்தான் வருவாங்க. பின்பக்கம் ஏரியைப் பாத்து இருக்கு பாருங்க, அங்கதான் நெசமா குடித்தனம் நடக்கும். அதை ஒரு தடவை பாத்துடணுங்க. தண்ணியில போனாத்தான் முடியும். நடக்கவும் வேண்டியதில்ல."

"ம்" என்றார் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோளில் ஒரு பெரிய மூட்டையோடு வந்தார். ஏரியில் ஆழம் அளக்கிற வேலை பார்த்த ஒருவர் வைத்திருந்த ரப்பர் படகு. மெத்தையைப் போல் மடித்திருந்தது. சாம்பல் நிறம், நான்கு இடத்தில் ஒட்டுப்போட்டது. கூடத்தில் விரித்து, கால் பம்பால் மிதித்து மிதித்துக் காற்றடைத்தார். அரை மணி நேரத்தில் கூடமே படகாகிவிட்டது. நாற்காலி ஒரு பக்கம், அலமாரி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றன.

"எல்லாம் சரி, இதை வாசப்படி வழியா எப்படிக் கொண்டுபோவீங்க?" என்றாள் அவள்.

அவர் வாசலைப் பார்த்தார், படகைப் பார்த்தார், குனிந்து காற்றைத் திறந்துவிட்டார். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

படகில் உட்காரக் குறுக்கே ஒரு பலகைதான் இருந்தது. சாய்ந்துகொள்ள எதுவும் இல்லை. துடுப்பை மாட்டுகிற பிளாஸ்டிக் வளையங்கள் இரண்டும் உடைந்திருந்தன.

"எல்லாத்தையும் நானே செஞ்சுடறேன். பதினஞ்சு நாள் போதும்" என்றார்.

சொன்னது சுலபம். ரப்பருக்கும் இரும்புக்கும் ஆகாது. காற்றடைத்த உடம்பில் ஓட்டை போட முடியாது, போல்ட் முடுக்க முடியாது, ஒரு சின்னப் பிசிறு பட்டால்கூடக் கிழிந்துவிடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். படகின் உள்ளளவுக்கு அலுமினியக் குழாயில் ஒரு சட்டம். அது படகின் அடியில் பரப்பிய பலகை மேல் உட்கார்ந்திருக்கும். படகின் பக்கவாட்டுக் கயிற்றோடு அகலமான துணி வாரால் கட்டிக்கொள்ளலாம். துடுப்பு மாட்டுகிற கவையும் இருக்கையும் சட்டத்தில்தான் நிற்கும், ரப்பரைத் தொடாது. குழாய்க்குள் மணலை இறுக நிரப்பி, சூடாக்கி, நசுங்காமல் வளைத்தார். கவை இரண்டையும் ஸ்டீல் கம்பியில் செய்தார். பற்றவைத்த இடத்தையெல்லாம் அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் ஒரு பஞ்சு உருண்டையை மேலே ஓட்டிப் பார்ப்பார். ஒரே ஒரு நூல் சிக்கினாலும் மறுபடியும் முதலிலிருந்து தேய்ப்பார்.

சட்டம் சொன்னபடி பதினைந்து நாளில் முடிந்தது. ரசமட்டத்தை மேலே வைத்தார். குமிழி மயிரிழை விலகி நின்றது. ஒரு மூலையை அறுத்து மறுபடியும் பற்றவைத்தார்.

பிறகு இருக்கை. டேப்பை எடுத்துக்கொண்டு வந்து அவள் இடுப்பு அகலம், முதுகு உயரம், முழங்காலிலிருந்து குதிகால் வரை என்று அளந்து அட்டையில் குறித்துக்கொண்டார். அப்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். இருக்கை முடிந்து வருவதற்குள் உடம்பு இளைத்து, உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்துவிட்டாள். பக்கங்களில் அணைப்பு இல்லாத அந்த இருக்கை உதவவில்லை. இரண்டாவதாக ஒன்று செய்தார், இரண்டு பக்கமும் வளைந்து வந்து விலாவைத் தாங்குகிற மாதிரி. அதன் பிறகு, படகைக் கரையிலிருந்து தண்ணீருக்கு உருட்டிக்கொண்டு போகச் சக்கரம். அடுத்து, நான்கு பல் வைத்த சின்ன நங்கூரம். அப்புறம், அவளுக்கு வெயில் படக்கூடாது என்று மேலே துணி போர்த்த மடக்குக் கம்பிகள்.

பட்டறை வேலை முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அவர் மட்டும் இருந்து படகு வேலையைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அக்கா வந்து போய்க்கொண்டிருந்தாள். மூன்று தெரு தள்ளி வீடு. கணவனை இழந்தவள், கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல்.

"எப்பதான் தம்பி அவளைக் கூட்டிட்டுப் போறதா உத்தேசம்?"

"இன்னும் ஒரே ஒரு வேலைதான் அண்ணி பாக்கி."

போன மாதமும் இதைத்தான் சொன்னார். அதற்கு முந்தின மாதமும் இதைத்தான். இப்படியே ஏழு மாதம் ஓடிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மூன்றாவது முறையாக டேப்போடு வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். கழுத்து நிற்கவில்லை, தலைக்கு ஒரு தாங்கல் வேண்டும் என்று அவருக்குப் பட்டது. டேப்பை அவள் பிடரியில் வைத்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். கையும் காலும் போய்விட்டன. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "முதல் தடவை அளந்தப்ப நான் நடந்துக்கிட்டிருந்தேன். ரெண்டாவது தடவை ஸ்பூனைப் பிடிச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அடுத்த தடவை நீங்க டேப்பு எடுத்துட்டு வரப்ப அளக்கறதுக்கு நான் இருக்கணும்ல?"

"தலை ஆடும்மா. தண்ணியில அலை வந்தா..."

"படகுக்கு வேண்டியதையெல்லாம் செஞ்சுட்டீங்க. என்னைப் படகுல ஏத்தத்தான் இல்ல." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. "எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறீங்களா? வேலை இருக்குன்னு நீங்க பட்டறையில கிடக்கல. வீட்டுல நான் இப்படி இருக்கறதாலதான் அங்க கிடக்கறீங்க."

டேப் அவர் கையிலிருந்து சுருண்டுகொண்டு தரையில் விழுந்தது.

"பயமா இருக்கா?"

"ம்."

"எனக்கும்தான். ரெண்டு பேரும் ஒரே இடத்துல உக்காந்து பயப்படலாமே. தனித்தனியா எதுக்கு?"

அவர் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் தடவிக்கொடுக்க நினைத்தாள். கை எழும்பவில்லை. "நான் உங்க தலையைத் தடவறேன்னு நெனைச்சுக்கங்க" என்றாள்.

மறுநாள் காலை கிளம்பினார்கள். மேல்துணிக் கம்பிகளை அப்படியே விட்டுவிட்டார். நங்கூரத்தையும் எடுக்கவில்லை. தலைத் தாங்கலுக்கு ஒரு துண்டைச் சுருட்டி இருக்கையின் பின்னால் கட்டினார். கட்டி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை அவர் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தார்.

அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி இருக்கையில் உட்கார வைத்து வாரைக் கட்டினார். கனமே இல்லை. அக்கா கரையில் நின்று, "கவுத்துடாதீங்க தம்பி! ஏரி ஆழம்! ஐயோ, என்னால பாக்க முடியல!" என்று கத்திக்கொண்டிருந்தாள், ஆனால் ஒரு கணமும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

படகு நகர்ந்ததும் மனைவி கேட்டாள். "ரசமட்டம் கொண்டாந்திருக்கீங்களா? எங்க, வச்சுப் பாருங்க."

வைத்தார். குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது.

"குடிச்சிருக்கு போல" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

துடுப்பு கவையில் சத்தமில்லாமல் திரும்பியது. வீடுகளின் பின்பக்கம் ஒவ்வொன்றாக வந்தது. நாலாம் வீட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி பின்படியில் குந்தி உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்தபடி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "ரிஜிஸ்தர் தபாலுக்குக் கையெழுத்துப் போடறப்ப தூக்குத் தண்டனை குடுக்கற மாதிரி மூஞ்சியை வச்சுக்குவாரு மனுஷன்!" என்று அவள் கிசுகிசுத்தாள். கதவைப் பாதி மட்டும் திறந்து கையை நீட்டுகிற பதினோராம் வீட்டுக்காரியின் கொல்லைப்பக்கத்தில் உடைந்த கோப்பைகளிலும் வாளிகளிலும் பூச்செடிகள், தண்ணீர் வரைக்கும் வரிசையாக. இன்னொரு வீட்டின் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண், அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்தாள்.

"தபாலம்மா! எங்க போனீங்க? புதுசா வர்றவன் எங்க லெட்டரையெல்லாம் பக்கத்து வீட்டுல போட்டுடறான்!"

"உங்க நாயைக் கட்டிப்போடுங்க, தன்னால வரும்!" என்று இவள் கத்தினாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையசைத்தாள். இவளால் பதிலுக்குக் கையசைக்க முடியாததை அவள் கவனிக்கவில்லை. ரசமட்டம் துடுப்பை விட்டுவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துத் தூக்கி அசைத்தார்.

அப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மூன்றாவது முறை அவள் அக்காவையும் கூப்பிட்டாள். "வாக்கா, மூணு பேர் தாராளமா உக்காரலாம்." அக்கா, "எனக்குத் தண்ணின்னா ஆகாதுடி, அடுத்த தடவை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த தடவை வரவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. சாய்த்து உட்கார வைத்தாலே திணறினாள். டாக்டர் வெளியே அழைத்துப் போக வேண்டாம் என்றார்.

கடைசியில் பேச்சும் போனது. அவர் பட்டறையில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வீட்டில் பேச்சில்லாத அமைதி அவருக்குத் தாங்கவில்லை. வேறு வழி இல்லாமல் அவரே பேச ஆரம்பித்தார். எந்த வீட்டு மாடிப்படிக்கு எப்படிக் கைப்பிடி வைத்தார், எந்தப் படி கோணல், எந்த வீட்டுக்காரர் கூடவே நின்று தொணதொணத்தார் என்று முப்பது வருஷத்துக் கதையையும் சொன்னார். அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பாள். அதுதான் அவளுடைய "ம்". ஒரு மத்தியானம், ஒரு பள்ளிக்கூடத்துச் சுழல்படிக்குக் கைப்பிடி வளைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த "ம்" வரவில்லை. அவர் கதையை நிறுத்தவில்லை. முடிக்கிற வரைக்கும் சொன்னார். பிறகுதான் எழுந்து போய் அக்காவைக் கூப்பிட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "உங்களை மாதிரி யார் பாத்துப்பாங்க? அவளுக்காகப் படகே கட்டினீங்களே" என்றார்கள். அந்தச் சொல் ஒவ்வொன்றும் அவரை முள்ளாகக் குத்தியது. ஏழு மாதத்தில் முப்பது ஞாயிற்றுக்கிழமை. போனது மூன்று. அவள் தன் காலால் நடந்து வந்து படகில் ஏறியிருக்கலாம். தானே கையசைத்திருக்கலாம். பழைய பலகை மேல் ஒரு தலையணையைப் போட்டிருந்தால் போதுமே! இதை யாரிடமும் சொல்லவில்லை. யார் எதைச் சொன்னாலும் "ம்" என்றார். மறுபடியும் வேலைக்குப் போனார். பட்டறைக்கு யார் வந்து, "வீட்டுல வயசானவங்க இருக்காங்க, கைப்பிடி அவசரம்" என்று சொன்னாலும், மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு அன்றே செய்து கொடுத்தார். மெருகு ஏறாவிட்டாலும் பரவாயில்லை என்றார். ரசமட்டமா இப்படிச் சொல்கிறார் என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, என்னை ஒரு தடவை ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"உங்களுக்குத்தான் தண்ணின்னா பயமாச்சே அண்ணி."

"பயம்தான். அவ கூப்பிட்டப்ப வரல. இப்ப யாரும் கூப்பிடறதில்ல, நானா கேக்கறேன்." அவள் குரல் கனம் குறைந்து, கேட்கவே முடியாமல் இருந்தது.

கரையில் காற்றடைத்துச் சட்டத்தைக் கட்டினார். இருக்கையில் அக்காவால் உட்கார முடியவில்லை. விலாவைத் தாங்க வளைத்த குழாய்கள் அவள் இடுப்பை உள்ளே விடவில்லை. அந்த அளவு ஒரே ஒரு உடம்புக்கு, அதுவும் அந்த ஒரு மாதத்து உடம்புக்கு எடுத்தது. அக்கா குழாயைக் கையால் தடவிப் பார்த்தாள். "இவ்வளவுதானா இருந்தா என் தங்கச்சி?" என்றாள். அவர் நாலு நட்டையும் கழற்றி இருக்கையைக் கரையிலேயே வைத்தார். அக்கா படகின் தரையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பாதி வீடுகளைத் தாண்டியிருப்பார்கள். ஒரு வீட்டின் பின்னால் வலை நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒருவர் எழுந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார்.

"நீங்க தபாலம்மா வீட்டுக்காரர்தானே? அவங்க வரலையா?"

ரசமட்டம் துடுப்பை நிறுத்தினார். "அவ போயிட்டா" என்றார். அவரால் முடிந்த அளவு உரக்கச் சொன்னார்.

"எங்க? எந்த ஊருக்கு?"

நடுவில் அத்தனை தண்ணீர். மெல்லச் சொல்லிப் புரியவைக்கிற தூரம் இல்லை.

"செத்துட்டா!" என்று கத்தினார். வாழ்நாளில் அவர் அப்படிக் கத்தியதில்லை. "செத்துட்டாங்க! என் பொண்டாட்டி செத்துட்டா!"

குரல் வீட்டுச் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. இரண்டு மூன்று பின்கதவுகள் திறந்தன. ஆட்கள் கை ஈரத்தோடும், சீப்போடும், இடுப்பில் குழந்தையோடும் வந்து நின்றார்கள். யாரும் மூஞ்சியைச் சரி பண்ணிக்கொண்டு வரவில்லை. அவர் துடுப்பின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். பட்டறையில் அழவில்லை, வீட்டில் அழவில்லை, எல்லாவற்றையும் அங்கே அழுதார்.

படகு தானாக மிதந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்கா தரையில் நகர்ந்து நகர்ந்து வந்து அவர் கையிலிருந்து துடுப்புகளை வாங்கினாள். படகு இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது.

"எந்தப் பக்கம் தம்பி இழுக்கணும்?"

"ரெண்டையும் ஒண்ணா இழுங்க அண்ணி."

"ஒண்ணாத்தானே இழுக்கறேன்! இது என்னமோ செக்கு மாடு மாதிரி சுத்துது!" அழுதுகொண்டேதான் சொன்னாள். எப்படியோ தட்டுத்தடுமாறி, கிளம்பிய இடத்துக்கு ரொம்பத் தள்ளி, நாணல் மண்டிய ஒரு மூலையில் கரை சேர்த்தாள். இருவருக்கும் முழங்கால் வரை சேறு.

படகிலிருந்து காற்றைத் திறந்துவிட்டு, இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மடித்தார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரட்டுமா?" என்றாள் அக்கா.

"வாங்க அண்ணி. ஆனா அதுக்குள்ள இருக்கை எதுவும் செய்ய மாட்டேன்."

"யார் கேட்டா? எனக்குத் தரையே போதும்" என்று சொல்லிவிட்டு, அக்கா மூட்டையின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.